மூன்றாம் கோடு

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ போகும் சாலையில்
ஆறாவது கட்டை தாண்டி
செம்பனை ஆலையின் புகைக்கூண்டுக்குக் கீழே
பேட்டரியை இறக்கினோம்.
நாற்பத்தெட்டு இரும்பு முளைகள்.
ஐந்து மீட்டருக்கு ஒன்று.
முளைக்கு முளை தாவி ஓடும் மஞ்சள் வடம்.
சுத்தியல் ரபீக்குல் கையில்,
எண்ணுவது என் வேலை.

முதல் கோடு ஆலைக் குட்டையோரம்,
இரண்டாவது கடல் கரைமேட்டின் அடியில்.
இரண்டிலும் திரை முழுக்க நீலம்.
நீலம் என்றால் உப்பு,
இல்லாவிட்டால் களிமண்.
எந்திரத்துக்கு இரண்டும் ஒன்று,
மின்சாரம் இரண்டிலும் வழுக்கிக்கொண்டு போகும்.
எது எதுவென்று துளைபோட்டு
நாக்கில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.
"அதுக்கு எதுக்கு இவ்வளவு வயரு?"
கேட்டார் மண்டோர் அருணகிரி.
என்னிடம் பதில் இருந்தது, நீளமானது,
சொல்லவில்லை.

மூன்றாம் கோடு இடுகாட்டு வழியே.
கோடு போட்டவர் கோலாலம்பூரில் இருக்கிறார்.
அவர் பார்த்தது ஒரு பச்சைக் கட்டம்.
பதினேழாவது முளை இறங்க வேண்டிய இடத்தில்
ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய பெயர்:
பாவாயி, 1958.
மண்டோர் செருப்பைக் கழற்றினார்.
நாங்களும்.
இரண்டடி தள்ளி அடித்தோம்.
பதிவேட்டில் "தடை: வேர்" என்று எழுதினேன்.
பொய்தான். இன்னும் திருத்தவில்லை.

இங்கே மண் மணல்,
காய்ந்த மணலில் முளை ஊமை.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குவளை
உப்புத் தண்ணீர் ஊற்றினால்தான் வாய் திறக்கும்.
நல்ல தண்ணீர் தேடி வந்தவர்கள்
சீனர் கடையில் ஒரு கிலோ உப்பு வாங்கிக் கரைத்து
வாளி வாளியாய்ச் சுமந்தோம்.
ரபீக்குல் சிரித்தான், நின்று, மறுபடி சிரித்தான்.
அவன் ஊர் சாத்கீரா பக்கம்.
கடல் அவன் வீட்டுக் கிணற்றில் ஏறிய வருடம்தான்
அவன் விமானம் ஏறியிருக்கிறான்.

மழை கறுப்பதற்குள் ஓடவிட்டோம்.
திரையில் முதலில் பச்சை, பிறகு மஞ்சள்,
பிறகு நான் இந்தக் கரையில் பார்த்தேயிராத சிவப்பு.
கல்லறைகளுக்குக் கீழே பன்னிரண்டு மீட்டர் மழைநீர்,
நடுவில் தடித்து ஓரம் மெலிந்து
உப்பின் மேல் மிதக்கும் ஓர் அப்பம்.

மண்டோர் எட்டிப் பார்த்தார்.
வியப்பே இல்லை.
"வேற எங்க தோண்டினாலும் பெட்டி மிதக்கும்.
அதான் எல்லாரையும் இங்க கொண்டாந்தாங்க."

முதல் ஆய்வு மண்வெட்டியில் நடந்திருக்கிறது.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.

சாயங்காலம் மண்டபத்தில்
புவான் ஹஸ்லினா படம் போட்டு விளக்கினார்:
பட்டணத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து
இந்த மணலுக்குள் இறக்கி வைத்தால்
கடல் பின்வாங்கும்,
கோடையில் நாற்றங்காலுக்கும் கொதிகலனுக்கும்
திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.
நாற்றங்காலில் வேலை செய்யும் யோகாம்பாள் எழுந்தார்.
"யாரோட கழிவு?"
"எல்லாருடையதும்தான், அக்கா."
"அப்ப எங்களோடதும் இருக்கு."
"இருக்கு."
"கேட்டுட்டு இறக்குவீங்களா, இறக்கிட்டுக் கேப்பீங்களா?"
நாற்காலிகள் சிரித்தன.
பின்வரிசையில் ஒருவர் சிரிக்கவில்லை.
செத்தவர்கள் தலைமாட்டில் சாக்கடையா என்றார்.
விட்டால் கடல் வரும், அது மட்டும் கேட்டுக்கொண்டா வரும்
என்றது இன்னொரு குரல்.
தேநீர் வந்தது. தீர்மானம் வரவில்லை.

காலையில் முளைகளைப் பிடுங்கினோம்.
நாற்பத்தேழு.
மறுபடி எண்ணினேன், நாற்பத்தேழு.
பதினேழாவதைத் தேட யாரும் போகவில்லை.

வாளியில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை
ரபீக்குல் அங்கேயே சாய்க்கப் போனான்.
"அங்க வேணாம்," என்றார் மண்டோர்.
அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு
சாலையைக் கடந்து
அலை இறங்கும் நேரம் பார்த்து
வாய்க்காலில் ஊற்றிவிட்டு வந்தான்.